மலாக்கா அழகி கட்டிய சேலை

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாட்டுக்குப் புதுக் கொடி வந்துவிட்டது, புதுப் பாட்டு வந்துவிட்டது; உலக அழகிப் போட்டிக்கு அனுப்ப ஒரு பெண்தான் பாக்கி. மலாக்காவில் நடந்த தேர்வில் காஜா பேராங் தெரு அன்னம் முதலாவதாக வந்தாள். அடுத்தது கோலாலம்பூர். அங்கே ஜெயிப்பவள் விமானம் ஏறிப் போய், மலாயா என்று எழுதிய பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, முப்பது நாற்பது நாட்டுப் பெண்களோடு சீமையில் வரிசையாக நிற்பாள்.

இதில் அன்னத்தைவிட அதிகமாகத் தூக்கம் கெட்டவள் அஞ்சலை. இருவரும் டெலிபோன் ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஊரார் பேச்சை ஊராரோடு இணைத்துவிடும் வேலை. அஞ்சலைக்கு இருபத்தைந்து வயது, நல்ல உயரம், புக்கிட் காதில் என்ற ஊரிலிருந்து சைக்கிளில் வருவாள். போட்டி விளம்பரத்தைப் பேப்பரில் முதலில் பார்த்தவளே அவள்தான். அப்பா அப்பாசாமியிடம் பேச்சை எடுத்தாள். முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"கால காட்டிக்கிட்டு மேடையில நிக்கிற வேலையெல்லாம் நம்ம வீட்டுக்கு வேணாம். நாளைக்கு மாப்ள வீட்டுக்காரன் பேப்பர் படிக்க மாட்டானா?"

அதற்குப் பிறகு அஞ்சலை அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. மறுநாள் அந்த விளம்பரத்தை அன்னத்தின் முன்னால் வைத்து, "நீ போ, நீ போ" என்று விரட்டத் தொடங்கினாள்.

அன்னம் செட்டி வீட்டுப் பெண். செட்டி என்றதும் உங்களுக்கு வட்டிக்கடை ஞாபகம் வந்தால் அதற்கு அவள் பொறுப்பல்ல. இவர்கள் நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன் வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள். நெற்றியில் விபூதி, பூஜையில் மாரியம்மன், வாயில் மலாய். பெண்கள் உடுத்துவது இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை. சாமி பெயரையும் பலகாரத்தின் பெயரையும் தாண்டி அன்னத்துக்குத் தமிழ் வராது. அவளும் அஞ்சலையும் பேசிக்கொண்டதெல்லாம் மலாயில்தான். நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

கோலாலம்பூரில் ஒரு சுற்று அவரவர் உடைக்கு. அதற்காக அன்னத்தின் தாயார் நாகம்மை ஆறு வாரமாக ஒரு வெள்ளைக் கெபாயாவுக்குப் பூவேலை செய்துகொண்டிருந்தார். கழுத்தோரம் முடிந்து கையோரம் ஆரம்பித்திருந்த நேரத்தில் அஞ்சலை மூக்கை நுழைத்தாள்.

"கெபாயா யாருதான் போடல? மலாய்ப் பொண்ணும் போடும், பாபா சீனர் வீட்டுப் பொண்ணும் போடும். அந்தக் கூட்டத்துல உன்ன யாரு தனியா பார்ப்பா? நீ இந்தியப் பொண்ணு. சேல கட்டிப் பாரு, சபையே திரும்பும்."

"எங்க வீட்டுல யாரும் சேல கட்டினதில்லக்கா. எனக்குக் கட்டவே தெரியாது."

"நான் எதுக்கு இருக்கேன்?"

கேட்பதற்கு நியாயமான பேச்சுதான். அஞ்சலையே அதை நம்பினாள். ஆசை வந்துவிட்டால் காரணத்துக்கா பஞ்சம்? தீபாவளிக்கு எடுத்து ஒரே முறை உடுத்திய அவளுடைய அரக்கு நிறப் பட்டு பெட்டியிலிருந்து வெளியே வந்தது. இரண்டு வாரம், வேலை முடிந்ததும் அன்னத்தின் வீட்டு முன்னறையில் ஒத்திகை. கொசுவம் வைப்பது, முந்தானையை விடுவது, நடப்பது, திரும்புவது. அஞ்சலை முன்னால் நடந்து காட்டுவாள். அன்னம் பின்னால் நடப்பாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அன்னத்துக்குக் கிடைத்த வாய்ப்பை அஞ்சலை அப்படித்தான் தாராளமாக அள்ளினாள்.

நாகம்மை ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. ஊசியையும் நிறுத்தவில்லை. துணைக்கு ஒரு பெண் வரலாம் என்று போட்டிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நாகம்மைக்கு நெடும்பயணம் ஒத்துக்கொள்ளாது, அஞ்சலை கிளம்பினாள். தோழிக்குத் துணை என்றதால் அப்பாசாமியும் தடுக்கவில்லை. புறப்படும் காலையில் நாகம்மை முடித்த கெபாயாவைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்தார்.

"இதையும் வச்சுக்குங்க மகளே. எதுக்கும் இருக்கட்டும்."

"பெட்டியில எடமில்லம்மா" என்றாள் அஞ்சலை.

இடம் இருந்தது. ஒரு சட்டைக்கும் சாரோங்குக்கும் எவ்வளவு இடம் வேண்டும்? நாகம்மை பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், "சரி" என்று உள்ளே எடுத்துப் போய்விட்டார். அன்னம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோலாலம்பூர் மண்டபத்தின் பின்னறையில் பதினோரு பெண்கள். ஈப்போக்காரி ஒருத்தி சியோங்சாம் என்ற இறுக்கமான சீன உடையில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜொகூர் பெண்ணுக்குப் பயத்தில் விக்கல். பினாங்கிலிருந்து வந்த ஆசிரியை சாதாரணமான ஒரு நீலக் கெபாயாவில், வகுப்பு எடுக்கப் போகிறவள் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தாள். "பார்த்தியா, இன்னொரு கெபாயா" என்று அஞ்சலை அன்னத்தின் காதில் கிசுகிசுத்தாள். பட்டுச் சேலையைக் கட்டிவிட்டு, நாலு ஊக்கு குத்தி, எட்டி நின்று பார்த்தாள். கண் நிறைந்தது. தானே கட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு.

அன்னம் மேடைக்குப் போனாள். சாரோங்கில் பழகிய கால், சின்னச் சின்ன அடியாக வைக்கும். கூடவே குதிகால் செருப்பு. பாதி மேடையில் கொசுவம் செருப்பில் மாட்டியது. விழவில்லை, ஆனால் அதன் பிறகு சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தாள். மலாக்காவில் எல்லாரையும் வீழ்த்திய அந்தச் சிரிப்பு அன்றைக்கு வரவே இல்லை. கண் தரையை விட்டு எழுந்தால்தானே சிரிப்பு வரும்?

நடுவர்களில் ஒருவர் தமிழ் அம்மாள். சேலையைப் பார்த்த மகிழ்ச்சியில், "எந்த ஊர்ப் பட்டும்மா இது?" என்று தமிழில் கேட்டார்.

அன்னம் விழித்தாள். பிறகு ஆங்கிலத்தில், "மன்னிக்க வேண்டும், எனக்குத் தமிழ் தெரியாது. இது என் தோழியின் சேலை. எங்கள் வீட்டில் நாங்கள் கெபாயாதான் உடுத்துவோம்" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

சபை சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் இன்று மட்டும் ஏன் இது?" என்று கேட்டார்.

அன்னம் திரைக்குப் பக்கத்தில் நின்ற அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தாள். அவள்தான் கட்டச் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அஞ்சலைக்கு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் போலிருந்தது; கால் அசையவில்லை.

அன்னத்துக்கு நான்காம் இடம். பினாங்கு ஆசிரியைக்குக் கிரீடம். எல்லாம் முடிந்து பெட்டியைக் கட்டும்போது, போட்டி நடத்திய குழுவைச் சேர்ந்த மலாய் அம்மையார் ஒருவர் அஞ்சலையிடம் வந்தார்.

"மலாக்காவிலிருந்து செட்டிப் பெண் வருகிறாள் என்றார்கள். கோயிலுக்குக் கெபாயா உடுத்திப் போகிற பெண்களாமே! அதைப் பார்க்கத்தான் நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். கொண்டு வரவில்லையா?"

அஞ்சலை குனிந்து பெட்டியைப் பூட்டினாள். அன்னத்தின் காதிலும் அது விழுந்தது. மலாக்கா வரை பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். வீட்டு வாசலில் நாகம்மை, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பேப்பரில் படம் வந்தது. சீமை மேடையில் உலகத்துப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஜப்பான்காரிக்கும் பெரு தேசத்துக்காரிக்கும் நடுவில், நீலமோ கறுப்போ தெரியாத கெபாயாவில், மலாயா. அந்தப் பினாங்கு ஆசிரியை அங்கே ஜெயிக்கவில்லை. ஆனாலும் படம் படம்தானே! ஆபீசில் மத்தியான வேளை, அழைப்பு குறைந்திருந்தது. அன்னம் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

அஞ்சலையால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அன்னம், நான் ஒண்ணு சொல்லணும். தனியா தெரியணும்னு சேல கட்டச் சொன்னேன்ல, அது முழு உண்மை இல்ல. எனக்கு அந்த மேடையில ஏறணும்னு ஆசை. அப்பா விடல. என் சேலையாவது ஏறட்டும்னு..."

"தெரியும்க்கா."

"தெரியுமா? தெரிஞ்சுமா கட்டின?"

"நீங்க நடந்து காட்டினப்ப உங்க மூஞ்சிய பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம். வேணாம்னு சொல்ல வாய் வரல. எதக் கட்டினாலும் ஜெயிச்சிடலாம்னு எனக்கும் கொஞ்சம் திமிர்தான்." அன்னம் மடித்த பேப்பரைத் தள்ளி வைத்தாள். "அம்மா கொண்டாந்தப்ப நானாச்சும் வாங்கியிருக்கணும்."

அஞ்சலைக்கு இவள் திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. அன்னத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிரும்மா. இன்னொரு தடவ போட்டி வரும். மறுபடியும் கோலாலம்பூர் போவலாம். இந்தத் தடவ நான் எதுலயும் தலையிட மாட்டேன்."

"மறுபடியும்னு நீங்கதான் சொல்லலாம்" என்றாள் அன்னம், கையை மெல்ல விடுவித்துக்கொண்டு. "கோலாலம்பூருக்கு நீங்க போய்ட்டு வந்துட்டீங்கக்கா. நான்தான் இன்னும் போகவே இல்ல."