டன்ஸ்வுட் பள்ளியின் வெள்ளைச் சிலைகள்

இங்கிலாந்தின் டன்ஸ்வுட் ஓவியப் பள்ளியை 1869ஆம் ஆண்டில் எழுப்பியவர்கள் பிரபுக்கள் அல்லர். பீங்கான் சூளைத் தொழிலாளர்கள் வேலை முடிந்த மாலைகளில் செங்கல் சுமந்து எழுப்பினார்கள். தட்டுகளில் ரோஜா இலை தீட்ட அவர்களுடைய பெண்கள் அங்கேதான் கற்றார்கள். மாடிக்கூடத்தில் கிரேக்கச் சிலைகளைப் பார்த்து வெள்ளைச் சுண்ணச் சாந்தில் வார்த்த நகல்கள் இருபத்துமூன்று நின்றன. புதிதாகச் சேர்ந்தவர் எவராயினும் ஒரு குளிர்காலம் முழுவதும் அவற்றுள் ஒன்றின் பாதத்தையே வரைய வேண்டும். அதுவே அப்பள்ளியின் முறை.

வாரத்தில் இரண்டு மாலைகள் நான் அங்கே எழுத்துகளை அழகாக வரையக் கற்பித்தேன்.

1962இல் லண்டனிலிருந்து கடிதம் வந்தது. ஒரு குழு வந்து பார்வையிடும், தேறும் பள்ளிகளுக்கே புதிய பட்டயப் படிப்பு நடத்த அனுமதி, தேறாதவை மூடப்படும். தலைமையாசிரியர் ஆர்தர் டெல்வ்ஸ் சூளைக்காரரின் மகன். அதே மாடிக்கூடத்தில் வரைந்து வளர்ந்தவர். லண்டனுக்குச் சென்று விசாரித்துத் திரும்பியவர், கையில் ஒரு சுத்தியலோடு மாடியேறினார்.

“அங்க எல்லாரும் சிலைங்களைத் தூக்கிப் போட்டுட்டாங்க. இதுங்களைப் பார்த்தா நம்மளைப் பட்டிக்காடுன்னுதான் எழுதுவாங்க” என்றார்.

முப்பது ஆண்டுகளாக அந்தச் சிலைகளுக்குத் தூசி தட்டிய காவற்காரி ஹில்டா பாக்னல் வாசலை மறித்து நின்றாள்.

“மயிலிறகு செருகிக்கிட்ட காக்கா கதை எனக்கும் தெரியும் சார். சொந்த இறகையும் பிடுங்கிப்போட்டுட்டுக் கோழிக்கடை வாசல்ல போய் நின்ன காக்காவை இப்பத்தான் பாக்குறேன்.”

“வழிவிடுங்க பாக்னலம்மா. எனக்கு மட்டும் ஆசையா?”

முதல் அடியை அவரே அடித்தார். பிறர்மேல் பழி விழக் கூடாது என்பது அவர் எண்ணம். மூன்று நாள்கள் பள்ளி முழுதும் வெண்புழுதி பறந்தது. உடைசல் முற்றத்துப் பள்ளத்தை நிரப்பியது. கூடத்துக்கு வெள்ளையடித்து, மாணவர்கள் தீட்டிய, வெறும் வண்ணப் பட்டைகளாலான மூன்று நவீன ஓவியங்களை மாட்டினோம்.

குழுவில் ஐவர் வந்தனர். நால்வர் கீழேயே நூலக அலமாரிகளை அளந்துகொண்டிருந்தனர். நரைத்த தலையுடைய பேராசிரியை ஒருவர் மட்டும் மாடியேறி, கூடத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

“இங்க வார்ப்புச் சிலைங்க நிறைய இருக்கும்னு படிச்சேனே? அதைப் பாக்கத்தான் இந்த மூட்டுவலியோட ஏறி வந்தேன்.”

தேநீர்த் தட்டோடு நின்ற ஹில்டாதான் பேசினாள்: “முற்றத்துக் குழியில இருக்கும்மா. வேணும்னா ஒரு கூடை அள்ளிட்டு வரட்டுமா?”

ஆறு வாரங்கள் கழித்து முடிவு வந்தது: அனுமதி இல்லை. காரணங்கள் இரண்டு: மாணவர்கள் குறைவு, நூலகம் சிறிது. சிலைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. டெல்வ்ஸ் அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“சிலையாலதான்னு எழுதியிருந்தா, பாவம் என்னோடதுன்னு சுமந்துட்டுப் போவேன். அதனால இல்லைன்னு எழுதியிருந்தா கொஞ்சம் தூங்குவேன். ரெண்டுமே எழுதலையேப்பா!”

விளக்கம் கேட்டு எழுதினார். குழுவின் ஆலோசனைகள் இரகசியமானவை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

1965இல் பள்ளி மூடப்பட்டது. மாணவர்கள் பெருநகரக் கல்லூரிக்குப் பேருந்தேறினார்கள். பாதிப்பேர் அங்கும் நிலைக்கவில்லை. கட்டடம் நகராட்சியின் நாற்காலிக் கிடங்காயிற்று. டெல்வ்ஸ் வேறு வேலை தேடவில்லை. அடுத்த இலையுதிர்காலத்தில் அந்தப் பேராசிரியையின் முகவரியைக் கண்டுபிடித்து, சிலைகளால்தானா என்று நேரில் கேட்க ரயிலேறினார். என்னையும் துணைக்கு அழைத்துப் போனார்.

அம்மையார் எங்களை அன்போடு வரவேற்று அமரச் செய்தார். டெல்வ்ஸ் தம் பெயரையும் ஊரையும் சொன்னார்.

“டன்ஸ்வுட்டா?” அம்மையார் நெற்றியைச் சுருக்கினார். “மன்னிச்சுக்கங்க, அந்த வருஷம் எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்தோம். அது எந்தப் பக்கம் இருக்கு?”

டெல்வ்ஸ் வழி சொன்னார். கேட்க வந்ததைக் கேட்கவில்லை.