நான்காவது பெட்டியில் ஓர் இடம்

காலை எட்டு பத்து வண்டியின் நான்காவது பெட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் ஸ்டேஷனில் ஏறுகிறவர்கள், வழியில் ஏறப்போகும் கூட்டாளிகளுக்காக இருக்கையில் செய்தித்தாள் விரித்து இடம் பிடிப்பார்கள். ஆள் வராவிட்டால் மூன்று நாள் பொறுப்பார்கள். அதற்கு மேல் என்றால் வீட்டு ஆள் வந்து, "வருவாங்க" என்று சொல்ல வேண்டும்.

அவன் ஏழு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதல் நான்கு வாரம் அது உண்மை. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறகு இறந்துபோனாள். அந்த ஒரு வாரம் அவனும் வேலைக்குப் போகவில்லை. மறுபடி வண்டி ஏறிய அன்று, சட்டத்தையும் மீறி, ஜன்னலோரத்தில் செய்தித்தாள் விரித்தபடியே இருந்தது.

"எப்படி இருக்கா நம்ம பொண்ணு?" என்று கேட்டார் குடோன்காரர். ஒரு குடோனில் வேலை; அந்தக் கூட்டத்துக்கு மூத்தவர்.

"அடுத்த வாரம் வந்துடுவா, மாமா." வாயில் வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் அந்தப் பெட்டியின் ஆள். அவன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவன். அதனால் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. அவனுக்கு இருக்கை கிடையாது. அவள் முழங்காலருகே நின்றே வருவான். இப்போது செய்தித்தாளருகே நின்றான். வீட்டில் அவள் துணிமணிகளை அவனுடைய அக்கா வந்து மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாள். மனைவி வருவாள் என்று யாரோ இடம் வைத்திருந்தது இங்கே மட்டும்தான்.

இந்தத் திங்கட்கிழமை பன்னிரண்டு பெட்டி ஒன்பதாகிவிட்டது. அறிவிப்பு எதுவும் இல்லை. விசாரணை கவுண்டரில் போய்க் கேட்டான்.

"மூணு பெட்டி ரிப்பேர்."

"எப்ப சார் வரும்?"

"வரும்போது வரும். தள்ளி நில்லுங்க, அடுத்து யாரு?"

அவனுக்குப் பின்னால் யாருமே இல்லை.

புதன்கிழமை அவனால் கதவைத் தாண்டி நான்கடிகூட நகர முடியவில்லை. யாருடைய டிபன் பாக்ஸோ விலாவில் குத்தியது. உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது.

"ஏன்யா, மனுஷன் நசுங்கிச் சாகுறான், பேப்பர் சொகுசா உக்காந்திருக்கு! அதுக்கு டிக்கெட் எடுத்தியா?"

"உடம்பு சரியில்லாத பொண்ணுக்கு சார்."

"நேத்தும் இதே கதை. முந்தாநாளும் இதே கதை. அந்த மகாராணி எங்கய்யா?"

"வாயை அடக்கிப் பேசு. அது எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி."

தலைகளின் இடைவெளியில் அவன் பார்த்தான். ஒருவன் குடோன்காரரின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான். அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி. ஒரு கையால் செய்தித்தாளை அழுத்திக்கொண்டு மறுகையால் மூக்குக்கண்ணாடியைப் பிடித்திருந்தார். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மாப்பிள்ளை! நீங்களே இவருக்குச் சொல்லுங்க!"

"விட்டுடுங்க மாமா. அவ வர மாட்டா."

"இன்னைக்கு வரலையா? சரி, நாளைக்கு?"

"இல்ல மாமா."

"சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லுங்க!"

அவன் இதுவரை அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். உறவுகளுக்கு அக்கா சொன்னாள். அருகில் போய் அவர் காதோடு சொல்லிவிடலாம் என்று முண்டிப் பார்த்தான். கூட்டம் அசையவில்லை.

"செத்துப்போயிட்டா!" என்று கத்தினான். "மூணு வாரம் ஆச்சு!"

காலரைப் பிடித்திருந்த கை இறங்கியது. குடோன்காரர் செய்தித்தாளை மெதுவாக மடித்தார். அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

அவ்வளவு நெரிசலிலும் பக்கத்திலிருந்தவர்கள் எப்படியோ உடம்பைச் சுருக்கிக்கொண்டார்கள். அவனைச் சுற்றி ஒரு சாண் இடம் விழுந்தது. சாய ஆளில்லாமல், பிடிக்கக் கம்பியில்லாமல், அதன் நடுவில் நின்றான்.