நம்மட ஆக்களுக்குப் பதிவில்லை

கல்முனை பஸாரில் இருக்கும் என் ஹார்ட்வெயார் கடையில், கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி வசனம் தொங்குகிறது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சட்டம். அதற்குள் இருப்பது ஸ்பிரிட் விற்பதற்கு மதுவரித் திணைக்களம் தந்த அனுமதிப்பத்திரம். “இப்றாஹிம் ஹாஜியார் ரெண்டு பக்கத்தையும் பாத்துக்கிட்டாரு” என்று பக்கத்துக் கடைக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது சாராயமில்லை, மரத்துக்குப் பொலிஷ் போடுகிற சாமான். ஒருவரும் குடிக்கக் கூடாது என்றுதான் அதற்குள் நஞ்சையும் ஊதா நிறத்தையும் கலந்து விற்கிறார்கள். இதை எத்தனை பேருக்குச் சொல்லித் தொண்டை காய்ந்திருக்கிறேன் தெரியுமா.

அந்த அனுமதிப்பத்திரத்தோடு ஒரு பதிவுக் கொப்பியும் உண்டு. வாங்குபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், என்ன வேலைக்கு, எத்தனை போத்தல், கையெழுத்து. மாதத்துக்கு இவ்வளவுதான் விற்கலாம் என்று கணக்கு. மதுவரிப் பரிசோதகர் வந்து பீப்பாவுக்குள் குச்சியை விட்டு அளப்பார். அளந்ததும் கொப்பியும் பொருந்தினால் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போவார்.

நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். ஆனால் யாருக்கு என்ன சட்டம் என்பதை நானே வைத்திருந்தேன். தமிழ் ஆட்கள் வந்தால் அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன். மர வாங்கு, அலுமாரி செய்கிற டிலுக்சன் என்று ஒரு தச்சன். மெதடிஸ்த சபைக் கிறிஸ்தவன். அவன் இரண்டு போத்தல் கேட்டால் நான் ஒன்றுதான் கொடுப்பேன்.

“பின்னேரம் கூட்டாளிமாரோட குந்துறதுக்கு இல்லையே?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

“நானா, நான் சபையில பாட்டுப் படிக்கிறவன். சோடா குடிச்சாலே வீட்டில விசாரணை நடக்கும்” என்பான். அண்ணன் என்கிற மாதிரி நானா என்று கூப்பிட்டு, சிரித்துக்கொண்டுதான் சொல்வான். அந்தச் சிரிப்பை நான் நம்பியதில்லை.

நம்மட ஆட்களிடம் இதெல்லாம் கேட்பதில்லை. பள்ளியில் என் தோளோடு தோள் ஒட்டி நின்று தொழுகிறவனிடம் அடையாள அட்டை கேட்டு, கையெழுத்து வாங்குவது அவனுடைய முகத்தில் அறைவது மாதிரி. நீ இதைக் குடிப்பாயோ என்று ஒரு முஸ்லிமைப் பார்த்துக் கேட்பதா? போத்தலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அப்போது கொப்பி எப்படிப் பொருந்தும் என்று நீங்கள் கேட்கலாம். டிலுக்சன் மாதிரி ஆட்களிடம் கையெழுத்தை முதலில் வாங்கிக்கொள்வேன், எத்தனை போத்தல் என்ற இடத்தைப் பிறகு நிரப்புவேன். அவன் எடுத்தது ஒன்று, கொப்பியில் மூன்று. யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்தேன்.

டொலர் தட்டுப்பாடு வந்த பிறகு ஊதா ஸ்பிரிட் ஒழுங்காக வருவதில்லை. போன வருசம் மாசிக் கடைசியில் கொழும்பு லொறிக்காரன் ஒருவன் கடைக்குப் பின்பக்கம் ஒரு பெரிய தகரக் கான் ஸ்பிரிட்டை இறக்கினான். பேப்பர் இல்லை, நிறமும் இல்லை, தண்ணீர் மாதிரித் தெளிவு. “கொம்பனிச் சாமான் ஹாஜியார். மற்றத விடக் காரம். கையில படாமப் பாவிக்கச் சொல்லுங்க” என்றான். பொலிஷ்காரர்களுக்குத் தெளிவான சாமான் என்றால் உயிர், வெள்ளை மரத்தில் ஊதாச் சாமான் கறை பிடித்துவிடும். பேப்பர் இல்லாததை டிலுக்சனுக்குக் கொடுக்க முடியுமா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர்களுக்குத்தான் கொடுக்கலாம். ஆகவே நம்மட ஆட்களுக்கு மட்டும் கொடுத்தேன். அதிகமாக எடுத்தவன் முனாப்.

முனாப் என் தங்கச்சி ஹுஸ்னியாவின் மாப்பிள்ளை. மருதமுனையில் நான் அவளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டின் பின்பக்கம் கொட்டில் போட்டுத் தளபாடங்களுக்குப் பொலிஷ் போடுகிறவன். அவன் தேய்த்த மேசையில் உங்கள் முகத்தைப் பார்த்துத் தாடி சீவலாம். குறைவாகப் பேசுவான், ஐந்து வேளை தொழுவான். இந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தவன் நான் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்த வருசம் கட்டிலும் அலுமாரியும் செய்யச் சொல்ல ஆளில்லாமல் அவனுடைய கொட்டில் பாதி நாள் சும்மா கிடந்தது. ஆனால் மூன்று நாளைக்கு ஒரு போத்தல் எடுத்தான். எழுதியிருந்தால் ஒரு நாளாவது கூட்டிப் பார்த்திருப்பேன். எழுதவில்லை, அதனால் பார்க்கவுமில்லை.

ஒரு புதன்கிழமை காலை எட்டரைக்கு ஹுஸ்னியா போன் எடுத்தாள். “காக்கா, இவரு சுபஹுத் தொழுகையிலரிந்து சத்தி எடுக்காரு, ஒண்டும் வயித்துல தங்குதில்ல. கண்ணுக்குள்ள எல்லாம் வெள்ளையாத் தெரியுதாம். கெதியா வாங்க.”

வேனில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது ஒன்பது மணி. வாட்டில் ஜன்னல் எல்லாம் திறந்து, வெயில் கட்டிலுக்கு மேலே விழுந்துகொண்டிருந்தது. முனாப் என் கையைத் தேடிப் பிடித்தான்.

“மச்சான், லைட்டப் போடச் சொல்லுங்களன்” என்றான்.

அவன் எதைக் குடித்தான் என்று அந்த நிமிசமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதில் நான் பொய் சொல்லப் போவதில்லை. தெரிந்துவிட்டது.

டொக்டர் சுஜித்தா என்று ஒரு பிள்ளை. முப்பது வயது இருக்காது. ஹுஸ்னியாவிடம் கேட்டாள். “நேற்று ஏதும் குடிச்சவரா?”

ஹுஸ்னியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்கட ஆக்கள் குடிக்கிறல்ல டொக்டர். இவரு சிகரட்டும் பத்துறல்ல.”

டொக்டர் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டாள். “ஐயா, இவர் பொலிஷ் வேலை எண்டு சொன்னாங்க. ஸ்பிரிட் குடிச்சவங்களுக்குத்தான் கண் இப்பிடி வாறது. வெட்கத்தில மறைக்காதீங்க. ஓம் எண்டா இப்பவே மருந்து தொடங்கலாம். நேரம் போகப் போகக் கண் போயிரும், ஆளும் போகலாம். ரத்தம் வெளியில அனுப்பித்தான் பாக்கணும், நாளைக்குத்தான் முடிவு வரும்.”

“அப்ப எதுக்கும் அந்த மருந்தக் குடுங்களன்” என்றேன்.

“அந்த மருந்தும் மதுசாரம்தான் ஐயா. அது இதுக்குப் போட்டியா நிண்டு நஞ்சைத் தடுக்கும். ஆனா மனுசி குடிக்கவேயில்லை எண்டு சொல்லேக்க, வெறும் சந்தேகத்தில குடிக்காத ஒரு ஆளுக்கு எப்பிடிக் குடுக்கிறது? நீங்க சொல்லுங்க. குடிச்சவரா?”

அவளுடைய கையில் பேனா திறந்தபடி இருந்தது. ஒரே ஒரு சொல்தான். ஓம் என்றால் அடுத்த கேள்வி எங்கே வாங்கினார் என்று வரும். பேப்பர் இல்லாத கான் கடைக்குப் பின்னால் கால்வாசி மிச்சத்தோடு நிற்கிறது. அனுமதிப்பத்திரம் போகும், வழக்கு வரும், ஹாஜியார் நஞ்சு விற்றார் என்று பஸார் சிரிக்கும். தங்கச்சியின் மானமும் நினைவுக்கு வந்தது. ஆனால் அது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கான்.

“எங்கட ஆக்கள் அப்பிடி இல்ல டொக்டர்” என்றேன். “ராவு றால் திண்டிரிக்கான். அது ஒத்துக்கல்ல போல.”

அவள் பேனாவை மூடினாள். பிறகு சேலைன் ஏற்றச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நேரம் ஒன்பது இருபது.

கானை மட்டும் ஒதுக்கிவிட்டு உடனே வந்து சொல்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரை மணித்தியாலத்தில் என்ன நடந்துவிடப் போகிறது என்றும் சொன்னேன். முதலில் மருதமுனைக்குப் போனேன். கொட்டிலில், பொலிஷ் துணி போடுகிற பெட்டிக்குள் போத்தல் இருந்தது. பக்கத்தில் ஒரு ஒரேஞ் பார்லிக் குளிர்பானப் போத்தலும் ஒரு பிளாஸ்டிக் கோப்பையும். கோப்பையைக் கழுவித் துணியால் மூடி வைத்திருந்தான். அவ்வளவு ஒழுங்கானவன்.

போத்தலை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தால் சாமான் வாங்க ஆட்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் கானைத் தூக்க முடியவில்லை. ஒருவருக்குக் கதவுப் பிணைச்சல், ஒருவருக்கு அரைக் கிலோ ஆணி. எல்லாரையும் அனுப்பிக் கதவைச் சாத்தும்போது பதினொன்றரை. கானை வேனில் ஏற்றிக் கடற்கரைக்குப் போய், தோணி இழுக்காத பக்கமாகப் பார்த்து மணலில் ஊற்றினேன். மணல் அதை ஒரு நொடியில் குடித்துவிட்டது. கானைக் கல்லால் நெளித்துக் குப்பைக்குள் தள்ளினேன். அதோடு வந்திருக்கலாம். வரவில்லை. திரும்பக் கடைக்குப் போய்க் கொப்பியை எடுத்து, அந்த மாதம் நிரப்பாமல் விட்டிருந்த இடங்களை எல்லாம் நிரப்பினேன். பீப்பாவிலிருந்து நம்மட ஆட்கள் எடுத்திருந்த ஊதாவெல்லாம் டிலுக்சனின் கணக்கில் போனது, மூன்று, மூன்று, நான்கு. பள்ளியில் லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஆசுபத்திரிக்குள் நுழையும்போது ஒன்றேகால். முனாப்பின் நெஞ்சு, ஓடி வந்தவனுடையது மாதிரி ஏறி இறங்கியது. ஆளுக்கு நினைவில்லை. ஹுஸ்னியா தலைமாட்டில் யாசீன் அத்தியாயம் ஓதிக்கொண்டிருந்தாள். நான் டொக்டரைத் தேடிப் போய், கொட்டிலில் எடுத்த போத்தலை நீட்டினேன்.

“வேலக் கொட்டில தேடிப் பாத்தன் டொக்டர். இது கெடந்திச்சி. குடிச்சிரிக்கான் போல.”

அவள் போத்தலை முகர்ந்தாள். ஓடினாள். பத்து நிமிசத்துக்குள் மருந்து ஏறியது, பின்னேரம் அம்புலன்ஸில் இரத்தம் சுத்திகரிக்கிற மெசின் இருக்கிற பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றும்போது மட்டும் அவள் என் பக்கம் திரும்பி, “காலையில தெரிஞ்சிருந்தா கண்ணையும் காப்பாத்தியிருக்கலாம்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். களைப்பாகச் சொன்னாள்.

முனாப் பிழைத்தான். கண் இரண்டும் போய்விட்டது. நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று கொழும்பிலும் சொல்லிவிட்டார்கள்.

பொலிஸ் கேட்டபோது அவன், ஊர் பெயர் தெரியாத ஒரு லொறிக்காரனிடம் வாங்கியதாகச் சொன்னான். நான் சொல்லிக்கொடுக்க வேண்டி வரவில்லை. அவனாகவே சொன்னான். மதுவரிப் பரிசோதகர் வந்து பீப்பாவை அளந்து, கொப்பியைத் தட்டி, “டிலுக்சன் எண்டுறவர் மாசம் இவ்வளவு எடுத்து என்ன செய்றார்?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது மாத்தயா என்றேன். அவனுடைய பட்டறையை இரண்டு நாள் கிண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் மரங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், சபையில் அவனைப் பாட வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்களாம். ஒரு நாள் கடைக்கு வந்தான்.

“நானா, நான் எடுத்தது ஒரு போத்தல். நாலெண்டு எழுதிக் கிடக்காம்.”

“கையெழுத்து உன்டதானே தம்பி” என்றேன்.

அவன் சண்டை பிடிப்பான் என்று பயந்து நின்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான். இப்போது ஸ்பிரிட் வாங்க அக்கரைப்பற்றுக்குப் போகிறான் என்று கேள்வி.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு தங்கச்சி வீட்டுக்குப் போனேன். முனாப் கதிரையில் இருந்தான். நான் வந்த சத்தம் கேட்டு எழும்பப் பார்த்தான், நான் தோளை அமத்தி இருத்தினேன். ஹுஸ்னியா தேத்தண்ணி வைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தாள்.

“காக்கா, ஒண்டு கேக்கணும்” என்றாள். “அண்டைக்கு டொக்டர் காலையில ஒங்களக் கூப்பிட்டுக் கதச்சா. நீங்க போத்தலோட வரக்குள்ள பகல் ஒரு மணி தாண்டிட்டு. நான் தனிய இவர வெச்சிக்கிட்டு வாசலப் பாத்துப் பாத்து இருந்தன். நடுவுல எங்க போனீங்க?”

அவள் குற்றம் பிடிக்கக் கேட்கவில்லை. எனக்கு அவளைச் சின்ன வயதிலிருந்து தெரியும், அவளுக்கு அப்படிக் கேட்கவும் தெரியாது. சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் முன்னால் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் தானாகத் திறந்தது.

“பள்ளியில இருந்தன் புள்ள” என்றேன். “சுஜூதுல உளுந்து இவனுக்காக அழுதுக்கிட்டு இருந்தன். துஆ கேட்டு முடிச்ச பொறகுதான் கொட்டிலப் போய்ப் பாக்கணும் எண்டு மனசுல பட்டிச்சி.”

ஹுஸ்னியா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “எனக்குத் தெரியும் காக்கா. அந்த துஆவாலதான் இவரு உசிரோட இரிக்காரு. அல்லாஹ் ஒங்களுக்கு றஹ்மத் செய்யணும்.”

முனாப் என் பக்கம் என்று நினைத்துச் சுவர்ப் பக்கமாகத் திரும்பி, இரண்டு கைகளையும் ஏந்தி “ஆமீன்” என்றான். எனக்குத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. கையை ஏந்தி, நானும் ஆமீன் என்றேன்.