எதிர்ப்பக்கமாக நடந்தவர்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். ரிவர்கேட் ஷாப்பிங் மாலைக் கடைசியாகப் பூட்டியது ஜனவரியிலா பிப்ரவரியிலா என்று மெரிட்டன் ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வெளியே பனி கெட்டித்துக் கிடந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சண்டையில்லை.

ஒஹையோவின் குளிர்காலத்தில் வயதானவர்கள் தெருவில் நடக்க முடியாது. கடைகள் திறக்கும் முன்பே மாலுக்குள் வந்து சுற்றிச் சுற்றி நடப்பார்கள். எல்லோரும் கடிகாரமுள் போகும் பக்கமாகத்தான் போக வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம். எம்மெட் ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கமாக வருவார். ஒவ்வொரு சுற்றிலும் தங்கை லெனோரை நேருக்கு நேர் கடப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். தன்னை அவமதிக்கத்தான் அப்படி வருகிறாரா, வேறு எதற்காவதா என்று அவளுக்கு இத்தனை வருடமாகியும் பிடிபடவில்லை.

அப்பா விட்டுப்போன லைசியம் தியேட்டரை ஒரு காலத்தில் இருவரும்தான் நடத்தினார்கள். எம்மெட் படம் ஓட்டுவார், லெனோர் டிக்கெட் கொடுப்பாள். மழை பெய்தால் கூரை ஒழுகும், இருக்கைகளுக்கு நடுவே வாளி வைக்க வேண்டியிருக்கும். ஊருக்கு வெளியே சோளக்காட்டில் மால் எழும்பியது. உள்ளே நாலு திரை போட்ட சினிமாக் கம்பெனி லெனோரை மேனேஜராகக் கூப்பிட, அவளும் போனாள். ஒரு ஊரில் புதுப்படம் ஒரு தியேட்டருக்குத்தான் கிடைக்கும். அது மாலுக்கே போயிற்று. லைசியத்துக்கு வந்து சேரும்போது பிலிம் முழுக்கக் கீறலாகி, ஊரே பார்த்து முடித்திருக்கும். எம்மெட் சில குளிர்காலங்கள் தாங்கினார். தியேட்டரைப் பூட்டிய நாளிலிருந்து தங்கையோடு பேச்சில்லை.

பிறகு இரும்பாலை மூடியது. மாலின் பெரிய துணிக்கடை போயிற்று, பின்னாலேயே மற்ற கடைகளும் கிளம்பின. சினிமாக் கம்பெனியும் காலி செய்துகொண்டு, சாவியை மட்டும் லெனோரிடம் விட்டுப்போனது.

"வெள்ளிக்கிழமையோட கதவ மூடுறாங்களாம்," என்றாள் கூட நடந்த ட்ரூடி. "இனிமே நான் சமையக்கட்டு மேசையத்தான் சுத்தணும். உங்கண்ணன் வந்தா அதயும் எதிர்ப்பக்கமாத்தான் சுத்துவாரு."

லெனோர் சிரிக்கவில்லை. எம்மெட் தேவாலயத்துக்கு வருவதில்லை, போனை எடுப்பதில்லை. இந்த நடை நின்றுவிட்டால் அவரை எங்கே பார்ப்பது?

வெள்ளிக்கிழமை அவர் எதிரே வந்தபோது அவள் சட்டென்று திரும்பி அவரோடு சேர்ந்து நடந்தாள்.

"வழி மாறிப் போறியே, லெனோர்!" என்று யாரோ கத்தினார்கள்.

ஒரு முழுச் சுற்று முடிந்தது. கண்ணாடிக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீருக்கு அடியில் வாளி வைத்திருந்தார்கள். எம்மெட் நின்றார்.

"இங்கயும் வாளி வெச்சாச்சா?"

"ஏன் எப்பவும் எதிர்த்தாப்புல வர்ற, எம்மெட்? அத மட்டும் சொல்லிரு."

அவர் பூட்டிக்கிடந்த சினிமா வாசலைக் காட்டினார். "உன் தியேட்டரத் தொறந்து காட்டு. நான் பாத்ததே இல்ல."

உள்ளே குளிர் அறைந்தது. மூச்சு புகையாக வந்தது. அவர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானா? நம்ம திரையில பாதிகூட இல்ல."

"இல்லதான்."

"இதுக்கா போன?"

"இங்க நான் மேனேஜர். அங்க நான் அப்பாவோட பொண்ணு, அவ்வளவுதான்."

அவர் ஓர் இருக்கையில் உட்கார்ந்தார். இரண்டு இருக்கை தள்ளி அவளும் உட்கார்ந்தாள். வெளியே நடப்பவர்களின் காலடிச் சத்தம் வந்து வந்து போயிற்று.

"எல்லாரும் போற பக்கமாப் போனா உன் முதுகுதான் தெரியும்," என்றார் கடைசியில். "மூஞ்சியப் பாக்கணும்னுதான் எதிர்ல வந்தேன்."

லெனோர் கையை நீட்டினாள். அவர் எழுந்துவிட்டார்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத," என்றார். கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு அவர்கள் சந்திக்கவில்லை. பனி உருகும் முன்பே எம்மெட் மாரடைப்பில் இறந்தார். லெனோர் கொலம்பஸில் மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே இருக்கிறாள். ட்ரூடி உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கிறாள். லைசியம் இருந்த இடம் வங்கியின் கார் நிறுத்தம். மால் கட்டடத்தை இடித்துவிட்டார்கள், அந்த நிலத்தை இதுவரை யாரும் வாங்கவில்லை.