கரைமேல் ஒரு வெள்ளைப் புள்ளி

பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை, விளக்கு வைக்கிற நேரத்தில், என் செயற்கைக்கோள் திண்டுக்கல்லுக்கு மேலே போகும். 'என்' என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. யாரோ ஏவியது, உலகத்துக்கே பொது. ஆனால் ஆறு வருஷமாக அதன் படங்களைப் பார்த்தே காலம் தள்ளுகிறவளுக்கு இந்தச் சொந்தம்கூட இல்லாவிட்டால் எப்படி? நாகல் நகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று, கண்ணுக்குத் தெரியாத அதை அண்ணாந்து பார்ப்பேன். கல்யாணப் பேச்சை எடுத்தால் ஐரின் மாடிக்குப் போய்விடுகிறாள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

அது அனுப்புவது போட்டோ இல்லை, ரேடார் படம். நிறமே கிடையாது. மல்லிகைத் தோட்டம், தென்னந்தோப்பு, சிறுமலை எல்லாம் சாம்பல் போர்த்திக்கொண்டு தூங்குவது போலக் கிடக்கும். அந்தச் சாம்பலுக்குள் தரை எத்தனை மில்லிமீட்டர் ஏறியது, இறங்கியது என்று கண்டுபிடிக்கலாம். மழை பெய்தால் பூமி லேசாக உப்பும், கோடையில் அமுங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் நம் மூச்சும் அதே மாதிரி மெதுவாகிவிடும். கண்மாய்க் கரைகள் உடைவதற்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கின்றனவா என்பதுதான் என் ஆராய்ச்சி.

அதற்காக ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரைமேல் தகடு ஒன்றை நிறுத்தியிருந்தேன். மூன்று அலுமினியத் தகடுகளை ஒரு மூலையாகச் சேர்த்து, இரும்புச் சட்டத்தில் பொருத்தி, வானத்தைப் பார்த்துச் சாய்த்தது. மேலிருந்து வரும் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும். படத்தில் அந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக மின்னும்.

கரைக்குக் கீழே பத்து வீடுகள். முதல் வீடு முத்துப்பேச்சியுடையது. என் வயதுதான். விடியுமுன் மல்லிகை எடுப்பாள், அவள் கணவர் மலைச்சாமி அதை வண்டியில் சந்தைக்குக் கொண்டுபோவார். தகட்டைப் பார்த்துக்கொள்ளும்படி அவளிடம்தான் சொல்லியிருந்தேன். இது என் தொழில் சாமான், வெகுதூரத்தில் மேற்கே தெரிகிற செல்போன் டவரைப் பார்த்தபடியே எப்போதும் இருக்க வேண்டும் என்றேன். அவள் தினமும் துடைத்து வைத்தாள். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அவளும் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பாளாம். எத்தனை முறை திருத்தியும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள்.

ஐப்பசி பிறப்பதற்கு முன் வந்த படத்தில் புள்ளி ஒன்பது மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அடைமழை தொடங்கப் போகிறது, கரையோ நகர்கிறது, கீழே பத்து வீடு. முதல் பஸ்ஸில் ஓடினேன். தகட்டை யாராவது தொட்டார்களா என்று கேட்டதும் பேச்சியின் முகம் மலர்ந்தது.

"நாந்தான் கழட்டுனேன் டீச்சர். ஆயுத பூசைக்கு மம்பட்டி, அருவா, அவுக வண்டிச் சாவி அம்புட்டையும் கழுவி சாமி முன்னாடி வச்சோம். ஒங்க சாமான மட்டும் அன்னைக்கும் வேல பாக்க விட்டா நல்லாவா இருக்கும்?"

சட்டத்தின் நான்கு போல்ட்டுகளையும் மலைச்சாமியின் ஸ்பேனரால் கழற்றி, தகட்டை வீட்டுக்குத் தூக்கிப் போய், பொரி கடலையோடு ஒருநாள் ஓய்வு கொடுத்து, மறுநாள் அதே ஓட்டைகளில் முறுக்கியிருக்கிறாள். மூலையில் சந்தனப் பொட்டு இன்னும் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆயுத பூஜைக்கு ஊரே ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தொழில் சாமான் என்று வாயால் சொல்லிவிட்டு, அதைப் பூஜையில் வைப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் மனசு லேசானது. கரை நகரவில்லை, பேச்சியின் ஸ்பேனர்தான் நகர்த்தியிருக்கிறது. நோட்டை எடுத்து, குறித்திருந்த ஒன்பதைக் கோடு போட்டு அடித்தேன்.

அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தகட்டு மூலையில ஓட்ட இருக்குல்ல, மழத்தண்ணி அது வழியா வடிஞ்சிரும். புரட்டாசி பொறந்ததுலருந்து ஒரு கை தண்ணி வடியாம வீட்டுப் பக்கமா நிக்குது. பூசைக்கு முன்னாடியே நின்னுச்சு. தெனம் தொடைக்கிறவளுக்குத் தெரியாதா?"

என் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். வடிந்து, வடிந்து, கடைசியில் ஒரு கையளவு வீட்டுப் பக்கமாக நின்றது. கரையில் ஊன்றிய சட்டமே சாய்ந்திருந்தது. ஒன்பதில் பேச்சியின் பங்கு எவ்வளவு, கரையின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அடித்த எண்ணை மறுபடி எழுதினேன். இவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

கண்மாயைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். நகக்கண் அளவுக்கு நகர்ந்தால் கரை உடையுமா என்று விரலைக் காட்டிச் சிரித்தார்கள். தீபாவளி கழியட்டும் என்றார்கள். மழை வலுத்தால் மேற்கே மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விடும்படி பேச்சியிடம் கெஞ்சினேன். பூத்த பூவை விட்டுட்டு எங்கே போறது என்றாள். போகிறேன் என்று அவள் சொல்லவே இல்லை.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் மத்தியானம் கரை உடைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பேச்சியின் போன் அணைந்திருந்தது, மலைச்சாமியுடையதும்தான். ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், பஸ் இல்லை. அன்று செயற்கைக்கோள் வருகிற பன்னிரண்டாம் நாள். சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டே மாடியில் நின்றேன். ரேடாருக்கு மேகம் ஒரு பொருட்டில்லை. என் கண்ணுக்குத் தெரியாதது அங்கே என்ன பார்க்கிறதோ என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் படம் வந்தது. பக்கத்தில் அம்மா ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். ரேடாரில் தண்ணீர் கறுப்பு. அந்தக் கறுப்பு கரையைத் தாண்டி ஒழுகி, பத்து வீடுகளின் மேலும் படுத்திருந்தது. கரைமேல் என் புள்ளி இல்லை. அழுதேன். அவள் சந்தனப் பொட்டு வைத்ததற்குக் கோபப்பட்டேனே என்று நினைத்து அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை மெல்ல மேற்கே நகர்த்தினேன். பள்ளிக்கூட மைதானம். ஆறு வருஷத்தில் அங்கே எதுவும் மின்னியதில்லை. அதன் நடுவில், பளிச்சென்று, ஒரு வெள்ளைப் புள்ளி.

நான்கு போல்ட், ஒரு ஸ்பேனர். டவரைப் பார்த்தபடியே வைத்திருக்கிறாள். நாளும் தெரியும், நேரமும் தெரியும் அவளுக்கு.

"அம்மா, பேச்சி பள்ளிக்கூடத்துல இருக்கா" என்றேன்.