சுத்தம் செய்த கூடை

கூடை என் கையில் இருக்கிறது, கனமே இல்லை, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர அருங்காட்சியகத்தின் குளிரூட்டிய அறையில் அதை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்புகிறேன், நம்மூர் வாய்க்கால் கரைத் தாழையின் இனத்து ஓலைதான், நாராகக் கிழித்துப் பின்னியிருக்கிறார்கள், வாரை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டால் கிழங்கு சுமக்கலாம், நச்சுக் கொட்டைகளை இதிலிட்டு ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டால் விஷம் இறங்கிவிடும், இவ்வளவும் படித்தவள் நான், படித்த திமிரோடுதான் போன மாதம் மூன்று நாள் உட்கார்ந்து, உள்ளே ஒட்டியிருந்த செம்பொடியைத் தூரிகையால் தட்டித் தட்டி எடுத்தேன், பதிவேட்டில் கிழங்குக் கூடை என்று மட்டும்தான் இருந்தது, அடியில் சிப்பித் தூள்போல வெள்ளையாக நாலைந்து துணுக்குகள், அவையும் குப்பையோடு போயின, பளிச்சென்று ஆக்கிவிட்டாயே என்றார் மேலாளர், நானும் பூரித்துப்போனேன்.

இப்போது எதிரே கிளாரா, கூடையைப் பின்னியவரின் மகள், பழங்குடிகளின் ஆர்னம் லேண்டிலிருந்து கூடையைத் திரும்ப வாங்கிப்போக ஒரு பகல் முழுக்க வண்டியில் வந்தவள், கூடைக்குள் முகத்தை விட்டு மோந்து பார்க்கிறாள், மறுபடியும் மோந்து பார்க்கிறாள், இதுல இருந்த செங்காவி எங்கே தங்கச்சி, என்கிறாள், அழுக்கா இருந்துச்சு, நான்தான் சுத்தம் பண்ணேன், என்று சிரிக்கிறேன், சிரித்தேனே, பாவி நான், அது அழுக்கில்ல, எங்க அண்ணன், பொறந்து ஆறு மாசத்துல போயிட்டான், எலும்புக்குக் காவி பூசி இதுல வச்சு அம்மா ரெண்டு வருஷம் சுமந்தாங்க, அப்புறந்தான் மண்ணுல வைக்கணும், அதுக்குள்ள ஒரு அதிகாரி எலும்பைக் கொட்டிட்டுக் கூடையை எடுத்துட்டுப் போயிட்டான், கொட்டினதைப் பொறுக்கிப் புதைச்சோம், மிச்சம் இதுல இருந்துச்சு, முழுசாப் போய்ச் சேராம அவன் இன்னும் அலையிறான், என்கிறாள், நாலைந்து வெள்ளைத் துணுக்குகள், இந்த விரலால், குப்பை வண்டி செவ்வாய்தோறும் வரும், எத்தனை செவ்வாய் போயிற்று.

அம்மா வெளியில வண்டியில இருக்காங்க, மகனைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன், நீயே வந்து குடு, என்கிறாள் கிளாரா, கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், வெயிலில் நடக்கிறேன், கனவில் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன், வண்டிக்குள் தொண்ணூறு வயதுக் கிழவி இரண்டு கைகளையும் நீட்டுகிறாள், வாங்கிக்கொண்டு உள்ளே பார்க்கவேயில்லை, மடியில் வைத்து ஒருமுறை மெல்லத் தூக்கிப் பார்க்கிறாள், தன் மொழியில் ஏதோ சொல்கிறாள், கிளாரா என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள், பிள்ளை ரொம்ப இளைச்சுப் போயிட்டானாம்.