தலைகீழாக வைத்த தகடு

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரர்களின் சதையை யாரும் தொடக்கூடாது. அதை மீறியவள் நான்தான்.

அண்ணியின் மார்பிலிருந்து எடுத்த கட்டி எங்களிடம்தான் வந்தது. கண்ணாடித் தகட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆபரேஷன் அன்று அண்ணியோடு இருந்ததால் அந்த எண் எனக்கு மனப்பாடம். அது ஆமையின் மேஜைக்குப் போயிருந்தது. ஆமை என்பது கூட வேலை பார்ப்பவருக்கு நான் வைத்த பெயர். ஒரே தகட்டோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார் மனுஷன்.

"நீங்க சுரண்டி முடிக்கறதுக்குள்ள எங்க அண்ணி பேரன் பேத்தியே எடுத்துடுவாங்க. குடுங்க இப்படி!"

"வேண்டாம்மா, வீட்டு ஆளு..."

"அதனாலதான் கேக்கறேன்."

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அண்ணியுடையதை என்னைவிட ஒழுங்காக யார் செய்துவிட முடியும் என்ற நினைப்பு. என்ன திமிர் பாருங்கள்!

வேலை இதுதான். சாயம் ஏற்றிய தகட்டில், புற்று இருக்கும் இடத்தைச் சுற்றி மருத்துவர் கறுப்புக் கோடு போட்டிருப்பார். அதன்மேல், அதே கட்டியின் அடுத்த சீவல் ஒட்டிய சாயமில்லாத தகட்டைப் பொருத்த வேண்டும். கோட்டுக்குள் இருப்பதைச் சுரண்டி ஒரு குப்பியிலும், வெளியே இருக்கும் கொழுப்பு, நார், ரத்தக்குழாய்களை இன்னொரு குப்பியிலும் போட வேண்டும். எந்த மரபணு அடங்கிக் கிடக்கிறது, எது ஆட்டம் போடுகிறது என்று இரண்டிலும் கருவி படித்துச் சொல்லும். முதல் குப்பியை வைத்துத்தான் சிகிச்சை. இரண்டாவது எங்கள் ஆராய்ச்சிக்கு. அக்கம்பக்கம் எப்படிப் புற்றுக்கு இடம் கொடுக்கிறது என்று பார்க்கிறோம்.

அண்ணியின் முடிவு நல்லபடியாக வந்தது. கீமோ வேண்டாம், மாத்திரை போதும் என்றார் மருத்துவர். "ஒரு மொட்டைத்தலை போதும் இந்த வீட்டுக்கு" என்று அண்ணன் தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார். விழுந்து விழுந்து சிரித்தோம்.

பதினோரு வாரம் கழித்து, ஆராய்ச்சிக்காக எல்லோருடைய முடிவுகளையும் ஒன்றாகத் திரையில் போட்டேன். புற்றுகளின் புள்ளிகள் ஒரு பக்கமும் அக்கம்பக்கத் திசுக்களின் புள்ளிகள் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்றன. அண்ணியின் இரண்டு புள்ளிகள் மட்டும் இடம் மாறி இருந்தன. ஓடிப்போய்த் தகடுகளை எடுத்துப் பார்த்தேன். கோடு போட்ட தகட்டைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். சீவல் வட்டமாக இருந்ததால் ஓரங்கள் பொருந்தியிருக்கின்றன. புற்று என்று நான் சுரண்டி அனுப்பியது வெறும் நார்.

யாருக்கும் தெரியாது, மூடி வைத்துவிடலாம். அரை மணி நேரம் அப்படியும் யோசித்தேன். சொல்லவே நாக்கு கூசுகிறது. பிறகு ஆமையிடம் போய் நின்றேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதே கட்டியின் மீதித் தகடுகளை எடுத்து, தன் வழக்கப்படி நிதானமாகச் சுரண்டினார். இந்த முறை நான் அவசரப்படுத்தவில்லை.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. புற்று திரும்பி வரும் ஆபத்து அதிகம். கீமோவை இந்த வாரமே தொடங்க வேண்டும், இதுவே தாமதம் என்றார் மருத்துவர். அண்ணியிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணன் பாய்ந்து எழுந்தார்.

"அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு எத்தனை தடவைடி சொல்லியிருக்கேன்!"

அண்ணி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

"எத்தனை நாள் வீணாப் போச்சு?"

கொஞ்ச நாள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. "எண்பது நாள், அண்ணி."

அவர் கையிலிருந்த சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"திரும்பப் பண்ணது யாரு, நீயா?"

"இல்ல அண்ணி. கூட வேலை செய்யறவர்."

அண்ணி மூச்சை விட்டார். "அப்ப நம்பலாம்" என்றார்.